பரங்கிமலையும் வெலிங்டனும்: கண்டோன்மென்ட் கலைந்தால் நிலம் யாருக்கு, ஓட்டு யாருக்கு?

நாடெங்கும் 57 கண்டோன்மென்ட் வாரியங்களுக்கு 2023 ஏப்ரல் 30 அன்று தேர்தல் நடக்கும் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அரசிதழில் அறிவித்தது. ஒரே மாதத்தில், மார்ச் 17 அன்று, அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஏப்ரல் 27 அன்று இமாசலப் பிரதேசத்தின் யோல் கண்டோன்மென்ட் கலைக்கப்பட்டது. அங்கே ராணுவம் இருந்த பகுதி தனி ராணுவ நிலையமாக நின்றது; மக்கள் குடியிருந்த பகுதி மாநிலத்தின் உள்ளாட்சிக்குள் போனது. 62 ஆக இருந்த கண்டோன்மென்டுகள் 61 ஆயின. மற்றவற்றுக்கும் இதுவே வழி என்று ஒன்றிய அரசு சொல்லிவிட்டது. 2024இல் டேராடூன், தேவ்லாலி, அஜ்மீர், மதுரா உள்ளிட்ட பத்து இடங்களுக்கு வரைவு அறிவிப்புகளும் வந்தன.

தமிழ்நாட்டில் கண்டோன்மென்ட் இரண்டுதான். ஒன்று, சென்னையின் தென்வாசலில் விமான நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் பரங்கிமலை–பல்லாவரம். 2011 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 43 ஆயிரம் பேர் இருந்தார்கள். மற்றொன்று குன்னூருக்குப் பக்கத்திலுள்ள வெலிங்டன். அங்கே சுமார் 19 ஆயிரம் பேர். இந்த இரண்டு ஊர்களின் எதிர்காலம் இப்போது டெல்லிக் கோப்புகளில் இருக்கிறது. நாளிதழ்களில் இது ஏதோ எல்லை மாற்றச் செய்திபோல உள்பக்கத்தில் வந்து போகிறது. அங்கே வீடு வைத்திருப்பவருக்கோ பட்டாவும் வரியும் ஓட்டும் இதில் அடங்கியிருக்கின்றன.

பேச்சில் பலரும் கலந்துவிடுகிற இரண்டு சங்கதிகளை முதலில் பிரித்துவிட வேண்டும். கண்டோன்மென்ட் கலைவதால் ராணுவம் ஊரைவிட்டுப் போய்விடாது. பரங்கிமலையில் 1963 முதல் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியோ, வெலிங்டனில் 1947 முதல் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமோ மூட்டை கட்டப் போவதில்லை. போகப் போவது வாரியம். முகாமையும் கடைத்தெருவையும் ஒரே நிர்வாகத்தில் கட்டி வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்து அமைப்பு அது. 1765இல் வங்காளத்தின் பாரக்பூரில் தொடங்கி, 1924இல் ஒரு சட்டமும் 2006இல் இன்னொரு சட்டமும் பெற்று இன்றுவரை நீடிக்கிறது.

இரண்டாவது சங்கதி ராணுவத்தின் சொந்தச் சீரமைப்பு. ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் டி.பி. சேகத்கர் தலைமையிலான குழு 2016 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. போர்முனைக்கு நேராகத் தேவைப்படாத வேலைகளைக் குறைத்து, ஆட்களையும் பணத்தையும் போர்த்திறனுக்குத் திருப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அதையொட்டி சுமார் 57,000 பணியிடங்களை மாற்றியமைக்க 2017இல் முடிவானது. 39 ராணுவப் பால்பண்ணைகளை மூடுவதும் அந்த முடிவில் சேர்ந்தது. 1889இல் அலகாபாத்தில் தொடங்கிய அந்தப் பண்ணைகள் 2021 மார்ச் 31 அன்று முழுவதுமாக மூடப்பட்டன. 2020 தொடக்கத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறைக்கு வந்தது. மூன்று படைகளையும் வட்டாரக் கூட்டுக் கட்டளைகளின் கீழ் கொண்டுவரும் திட்டம் பேசப்பட்டது. 2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நான்கு ஆண்டு சேவை, அதன் பின் 25 விழுக்காட்டினர் மட்டும் நிரந்தரம். முதல் ஆண்டில் 46,000 பேரை எடுப்பதாக அறிவித்தார்கள்.

இரண்டு மாற்றங்களும் வெவ்வேறு அலுவலகங்களில் முடிவானவை என்றாலும் வந்து இறங்குவது ஒரே மண்ணில்தான். எத்தனை வீரர்கள் எவ்வளவு காலம் ஒரு முகாமில் இருப்பார்கள் என்பதைச் சீரமைப்பு தீர்மானிக்கிறது. முகாமுக்கு வெளியே வாழ்பவர்களை யார் ஆள்வது என்பதை வாரியக் கலைப்பு தீர்மானிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு கண்டோன்மென்ட் ஊரின் நாளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பரங்கிமலை 1774இல் கண்டோன்மென்ட் ஆனது. அதற்கு முன்பே, 1759 பிப்ரவரியில், சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தபோது இந்த மலையடிவாரத்தில் சண்டை நடந்திருக்கிறது. பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப் படைக்கு இதுவே இருப்பிடமாயிற்று. பல்லாவரம் ராணுவ மைதானத்துக்கு அருகே செம்மண் தோண்டிய பள்ளத்தில்தான் 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வே அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. சென்னை சுற்றிலும் கான்கிரீட்டாக மாறியபோதும் இங்கே மைதானமும் மரமும் வெற்று நிலமும் மிஞ்சியதற்கு ராணுவக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். இதை மறந்துவிட்டு நிலத்தின் எதிர்காலத்தைப் பேசக் கூடாது.

வெலிங்டனின் பழைய பெயர் ஜக்கதளா. படகர் ஊர் ஒன்றின் பெயர் அது. மலைக் குளிரில் ஐரோப்பியச் சிப்பாய்கள் உடல் தேறட்டும் என்று 1850களில் பெரிய பாரக்ஸ் எழுந்தது. இன்று அது ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ். 1758இல் வேர்கொண்ட, இந்தியக் காலாட்படையின் மிகப் பழைய ரெஜிமென்டான மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது தாய்வீடு. தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசும், ‘தம்பி’கள் எனப்படும் அதன் வீரர்கள் பயிற்சி பெறும் இடம். ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற முழக்கம் அங்கே கற்பிக்கப்படுகிறது. பழைய கல்லூரி இருந்த குவெட்டா பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போனதால் முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி 1948இல் இங்கே வந்தது. பக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. 41 படைக்கலத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபர் 1 அன்று ஏழு அரசு நிறுவனங்களாக மாற்றியபோது அதுவும் கைமாறியது. ஆக, ஒரே மலைச்சரிவில் பாரக்ஸும் கல்லூரியும் ஆலையும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்த மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்த ஊர்களில் ராணுவத்துக்கும் மக்களுக்கும் இடையே உள்ள உறவை 2021 டிசம்பர் 8 காட்டியது. முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சூலூரிலிருந்து வெலிங்டன் கல்லூரிக்கு வந்த ஹெலிகாப்டர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பின் எளிய மக்கள். எரிந்துகொண்டிருந்த இடத்துக்கு வாளித் தண்ணீர் கொண்டு போனார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கி வர வீட்டிலிருந்த கம்பளிகளைக் கொடுத்தார்கள். அடுத்த ஓராண்டுக்கு அந்தக் குடியிருப்பைத் தத்தெடுப்பதாக ராணுவம் அறிவித்தது. ராணுவத்தைச் சுமையாக நினைக்கும் மக்கள் இப்படி ஓட மாட்டார்கள். ஆகவே வாரியத்தைக் கலைக்க வேண்டும் என்று கேட்பவர்களை ராணுவ எதிர்ப்பாளர்கள் என்று எண்ணுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. அவர்கள் கேட்பது சாதாரண ஊர்க்காரனுக்குக் கிடைப்பதை மட்டுமே.

சாதாரண ஊர்க்காரனுக்குக் கிடைத்து, கண்டோன்மென்ட்வாசிக்குக் கிடைக்காதவை எவை? முதலாவது, உள்ளாட்சி ஓட்டு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் கண்டோன்மென்ட் நிர்வாகம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மாநிலத்தின் நகராட்சிச் சட்டம் அந்த எல்லையில் நின்றுவிடும். வாரியத்துக்குத் தலைவர் அந்த நிலையத்தின் ராணுவத் தளபதி. நிர்வாகத்தை நடத்துபவர் பாதுகாப்பு நிலத்துறையிலிருந்து வரும் தலைமைச் செயல் அதிகாரி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் நியமிக்கப்பட்டவர்களும் சம எண்ணிக்கை. இந்த அளவு ஜனநாயகம்கூட 2021 பிப்ரவரியோடு நின்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களின் காலம் முடிய, தலைவர், செயல் அதிகாரி, நியமிக்கப்பட்ட ஒரு பொதுமக்கள் பிரதிநிதி என்று மூவர் அமரும் இடைக்கால வாரியம் வந்தது. எம்.ஜி.ஆர் 1967இலும் 1971இலும் சட்டமன்றத்துக்கு வென்ற தொகுதியின் பெயர் பரங்கிமலை. அந்த ஊர்க்காரர் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடலாம். தெருக்குழாய்க்கும் சாக்கடைக்கும் பொறுப்பான உறுப்பினருக்கு ஓட்டுப் போட முடியவில்லை.

இரண்டாவது, பணம். ராணுவச் சொத்துக்குச் சொத்துவரி கிடையாது; அதற்கு ஈடாக ஒன்றிய அரசு சேவைக் கட்டணம் கொடுக்கிறது. பொதுமக்கள் பகுதியிலிருந்து வரும் வரி சிறிது. 2017இல் சரக்கு–சேவை வரி வந்தபோது பல வாரியங்கள் நுழைவுவரி, சுங்க வருமானத்தை இழந்து டெல்லி மானியத்தை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தன. மாநில அரசு நகராட்சிகள் வழியாகக் கொடுக்கும் நலத்திட்டங்கள் கண்டோன்மென்ட் எல்லைக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. யோலைக் கலைத்தபோது ஒன்றிய அரசே முதன்மையாகச் சொன்ன காரணம் இதுதான்.

மூன்றாவது நிலம். எனக்குத் தெரிந்தவரை இதுதான் முழுப் பிரச்சினையின் முடிச்சு. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

கண்டோன்மென்ட் நிலத்துக்கு வருவாய்த் துறையின் பட்டா, சிட்டா கிடையாது. 1937ஆம் ஆண்டு விதிகளின்கீழ் எழுதப்பட்ட பொது நிலப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு துண்டு நிலமும் ஒரு வகுப்பில் எழுதப்பட்டிருக்கும். ஏ–1 என்றால் ராணுவம் நேரடியாகப் பயன்படுத்துவது. ஏ–2 என்றால் ராணுவத் தேவைக்காகக் காலியாக விட்டுவைத்தது. பி வகுப்பில் நான்கு பிரிவு: ஒன்றிய அரசின் பிற துறைகள், மாநில அரசு, தனியார் கையிலிருப்பது, எதற்கும் ஒதுக்காமல் இருப்பு வைத்தது. சி வகுப்பு, சாலை, சந்தை, பள்ளி போன்ற நகராட்சிக் காரியங்களுக்காக வாரியத்திடம் விடப்பட்டது. ஒரு குடும்பத்தின் தலைவிதி அந்தப் பதிவேட்டின் ஒரு வரியில் இருக்கிறது.

பி–3 வகுப்பில் ‘பழைய மானியம்’ என்று எழுதப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வங்காள ராணுவத்துக்கு 1836இல் வந்த 179ஆம் எண் ஆணையில் இந்த முறைக்கு முழு உருவம் கிடைத்தது. மற்ற மாகாணங்களிலும் இதையொட்டிய விதிகள் இருந்தன. கட்டடம் உங்களுடையது, தரை அரசுடையது. அரசுக்குத் தேவைப்பட்டால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, கட்டடத்துக்கு உரிய விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். முகாமை ஒட்டிக் கடை போட வந்தவருக்கும், படைக்குத் துணி துவைக்க வந்தவருக்கும், ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்டவருக்கும் அன்றைக்கு இது போதுமாக இருந்தது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் போதாது. பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கும். அப்பா காலமாகி, மகன் பெயரை ஏற்ற மனுக் கொடுத்தால், நிலம் அரசுக்குச் சொந்தம் என்று ஒப்புக்கொண்டு பத்திரம் எழுதித் தரச் சொல்வார்கள். எழுதித் தந்தால் உரிமை கேட்கும் வாய்ப்பு போச்சு. தராவிட்டால் பெயர் மாறாது. பெயர் மாறாவிட்டால் வங்கி கடன் தராது, மாடி எடுக்க அனுமதி வராது. ஓடு மாற்றக்கூட வாரியத்தின் படி ஏற வேண்டும்.

இப்போது 2024இல் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதலுக்கு வருவோம். குடிநீர், சாலை, பள்ளி முதலிய நகராட்சிச் சேவைக்கான சொத்துகளை மாநில உள்ளாட்சிக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாம். வாரியத்தின் சொத்தும் கடனும் சேர்ந்தே மாறும். ஆனால் பொருந்தும் இடங்களில் நிலத்தின் மூல உரிமை இந்திய அரசிடமே இருக்கும் என்கிறது அது. இதன் பொருள், குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும் நகராட்சிக்கு வரும். பழைய மானிய வீட்டுக்காரரின் தரை மாறாது. வார்டு உறுப்பினர் கிடைப்பார், பட்டா கிடைக்காது. நிர்வாகம் மாறியும் வீட்டின் நிலை மாறாமல் தொங்குவதை மாநில அரசு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், பின்னால் அதைத் திறந்து பேசுவது வெகு கடினம். நிலத்தின் கணக்கைத் தீர்க்காமல் எல்லைக் கோட்டை மட்டும் மாற்றக் கூடாது என்பதே இந்த விவாதத்தில் நான் வலியுறுத்த விரும்புவது.

ராணுவத்தின் பக்கத்து வாதமும் வலுவானது. பயிற்சி நிலையத்தின் மதிலுக்குள் எட்டிப் பார்க்கும் மாடிவீடுகளை எந்தத் தளபதியும் விரும்ப மாட்டார். முகாமின் நடுவே பொதுச் சாலை ஓடினால் பாதுகாப்புச் சிக்கல் உண்டு. செகந்திராபாத்தில் சாலைகளை மூடியதால் பல ஆண்டுகள் பெரிய சண்டை நடந்தது. 2018 மே மாதம் நாடு முழுவதும் கண்டோன்மென்ட் சாலைகளைத் திறக்கச் சொல்லி அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் உத்தரவிட்டபோது, ராணுவக் குடும்பங்கள் வெளிப்படையாகவே வருத்தப்பட்டன. பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் நாடெங்கும் சுமார் 18 லட்சம் ஏக்கர் உள்ளது. அதில் கண்டோன்மென்டுகளுக்குள் இருப்பது 1.61 லட்சம் ஏக்கர் மட்டும். ஊர் நிர்வாகம் என்ற வேலையை இறக்கி வைத்துவிட்டு, போருக்கு ஆள் தயார்செய்யும் வேலையில் தளபதிகள் கவனம் வைக்கட்டும் என்பதில் நியாயம் உண்டு. சேகத்கர் குழுவின் சிந்தனைப் போக்கும் அதுவே.

முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூருவில் 1809இல் உருவான படைநிலையத்துக்குச் சென்னை ராணுவத்தோடு தமிழர்கள் போனார்கள். சிப்பாயாக, சமையல்காரராக, வியாபாரியாக, கட்டட வேலையாளாக. அல்சூரும் சிவாஜிநகரும் தமிழ் பேசுவது அதனால்தான். 1881இல் மைசூர் அரச குடும்பத்துக்கு ஆட்சி திரும்பியபோதும் இந்த ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947இல் மைசூருக்குத் திரும்பி, 1949இல் பெங்களூரு நகரத்தோடு ஒரே மாநகராட்சியாகச் சேர்ந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் அல்சூர் ஏரிக்கரையில் அப்படியே இருக்கிறார்கள். பரேடு மைதானமும் இருக்கிறது. குடிமக்கள் மாநகராட்சியிடம் போனார்கள், படை தன் நிலத்தில் நின்றது. இன்றைய திட்டம் சொல்வதும் இதையே. திருச்சியில் பழைய படைமுகாமே போய்விட்டது. கண்டோன்மென்ட் என்ற பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் நிற்க, அந்த இடம் நகரத்தின் நிர்வாக மையமாகிவிட்டது.

வெளிநாடுகளில் பார்க்க வேண்டியது அவர்கள் எடுத்துக்கொண்ட கால அவகாசத்தை. பிரிட்டன் 2016 நவம்பரில் 91 ராணுவ இடங்களை விடப்போவதாகப் பட்டியலிட்டது. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் அருகே 1769இல் கட்டி முடித்த ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையும் அதில் இருந்தது. அதற்கு வைத்த கெடு 2032. பதினாறு ஆண்டு முன்னறிவிப்பு கொடுத்தும் பக்கத்துக் கிராமங்கள் எதிர்த்தன, கடைக்காரர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்று நாடாளுமன்றம்வரை கேள்வி போனது. அமெரிக்கா 1988 முதல் 2005 வரை ஐந்து சுற்றுகளில் தளங்களை மூடியது. தனி ஆணையம் பட்டியல் போடும். ஏற்றால் முழுதாக ஏற்க வேண்டும், தள்ளினால் முழுதாகத் தள்ள வேண்டும். யார் தொகுதியில் இருக்கும் தளம் தப்பியது என்ற பேரத்துக்கு அதில் இடம் குறைவு. சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ 1994இல் தேசியப் பூங்காவானது. கலிபோர்னியாவில் ஃபோர்ட் ஆர்ட் முகாம் மூடிய மறு ஆண்டே அதன் நிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் திறந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் பிரெஞ்சுப் படை 1992இல் விட்டுச்சென்ற பாரக்ஸ், வோபான் என்ற குடியிருப்பாயிற்று; கார்கள் குறைந்த தெருக்களுக்கு அது உலக உதாரணம். அதே ஜெர்மனி உக்ரைன் போருக்குப் பிறகு படையைப் பெருக்கத் தொடங்கி, 2025 அக்டோபரில் பழைய ராணுவ இடங்களைப் பொதுப் பயன்பாட்டுக்கு மாற்றுவதை நிறுத்திவைத்தது. விட்ட நிலத்தை வேண்டும்போது திரும்பப் பெற முடியாது என்று அவர்கள் தாமதமாக உணர்ந்தார்கள்.

அந்த அனுபவம் பரங்கிமலைக்கு நேராகப் பொருந்தும். சீரமைப்பால் ராணுவத்துக்குத் தேவைப்படாத நிலம் நாளை மிஞ்சினால், மெட்ரோவும் விமான நிலையமும் ஜி.எஸ்.டி. சாலையும் சூழ்ந்த அந்த இடத்துக்கு வரும் விலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமமான மதிப்புள்ள நிலமோ கட்டுமானமோ தந்தால் பாதுகாப்பு நிலத்தைக் கைமாற்றலாம் என்ற விதி ஏற்கெனவே உண்டு. பதிவேட்டில் ஏ–2 என்று எழுதி வெறுமனே கிடக்கும் அந்த நிலங்கள் மழைநீரைக் குடித்து, வெயிலைத் தாங்கி, தென்சென்னைக்கு மூச்சுவிட இடம் தருகின்றன. வெலிங்டனில் அதே வகை நிலம் மண்சரிவைத் தடுக்கிறது. ராணுவம் வைத்துக்கொள்ளட்டும், வேண்டாமென்றால் மரமும் மைதானமுமாக மாநிலம் பெறட்டும். கட்டடம் எழுப்ப விற்பதை நான் ஏற்க மாட்டேன்.

வெலிங்டன் கடைத்தெருவின் கவலை வேறு. பாரக்ஸில் ஆண்டுக்கணக்கில் இருந்த வீரர்களின் குடும்பம் வாடகை வீடெடுத்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது, ஓய்வுபெற்ற பின் சிலர் இங்கேயே வீடு பார்த்தார்கள். அக்னிபத்தில் சேர்ந்து நான்கு ஆண்டில் திரும்பும் அக்னிவீரர் அப்படி வேர்விட மாட்டார். ரெஜிமென்டுகளின் வட்டார அடிப்படையும் தளரும் என்றால், தம்பிகளின் தாய்வீடு என்ற உறவு எவ்வளவு காலம் நிற்கும் என்பது காலாட்படையின் கேள்வி மட்டும் ஆகாது. அது குன்னூர் சந்தையின் கேள்வியும்கூட. இதற்கு விடை சொல்லும் ஆய்வை மாநில அரசு இப்போதே தொடங்க வேண்டும்.

பரங்கிமலை எதில் சேரும் என்பதும் தீர வேண்டும். ஒரு பக்கம் 2011இல் ஆலந்தூரை விழுங்கிய சென்னை மாநகராட்சி. மறுபக்கம் பல்லாவரத்தைச் சேர்த்து 2021 நவம்பரில் பிறந்த தாம்பரம் மாநகராட்சி. ஊரை இரண்டாகப் பிரித்தால் வாரியத்தின் பள்ளி ஒருவரிடமும் அதில் படிக்கும் பிள்ளைகள் இன்னொருவரிடமும் போகலாம். வாரிய ஊழியர்களின் பணிமூப்பும் ஓய்வூதியமும் எழுத்தில் உறுதியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், பொது நிலப் பதிவேட்டை வருவாய்த் துறையோடு சேர்ந்து சரிபார்த்து, வீடு வீடாக என்ன எழுதியிருக்கிறது என்று அந்தந்த வீட்டுக்காரருக்குத் தமிழில் நகல் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். பழைய மானிய வீடுகளுக்கு நியாயமான விலையில் முழு உரிமை பெற வழி திறக்க வேண்டும். இது முடியாமல் மாநில அரசு சம்மதம் தரக் கூடாது.

காலமும் அதிகமில்லை. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. அந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்கான வார்டு எல்லை வரையும்போது பரங்கிமலையும் வெலிங்டனும் வரைபடத்தில் இருந்தால்தான் அங்குள்ளவர்கள் ஓட்டுப் போட முடியும். தவறினால் இன்னும் ஐந்து ஆண்டு.